‘பான்-பான்’ என்பது சுருக்கெழுத்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவானில் இயந்திரம் பழுதாகி வழிமாறி இறங்கிய விமானம் பற்றிய செய்தியோடு தங்கள் நாளிதழில் ஒரு விளக்கப் பெட்டி வந்திருந்தது. விமானி வயர்லெஸ்ஸில் அறிவித்த ‘பான்-பான்’ என்ற அவசரக் குறி ‘பாசிபிள் அசிஸ்டன்ஸ் நீடட்’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று அதில் கண்டிருந்தது. பக்கத்திலேயே, உயிராபத்தில் விடுக்கும் ‘மேடே’ அழைப்பை ‘மே தின அழைப்பு’ என்று போட்டிருந்தார்கள். இரண்டுமே தவறு. இணையத்தில் பல மொழிகளிலும் இதே விளக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதால் செய்தியாளரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கள் நாளிதழ் மீன்பிடித் துறைமுகத்து டீக்கடைகளிலும் வாசிக்கப்படுகிறது. இந்தச் சொற்களை என்றாவது வயர்லெஸ்ஸில் உண்மையாகவே சொல்ல வேண்டி வரக்கூடியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘பான்’ ஒரு முழுச் சொல். பிரெஞ்சு மொழியில் அதற்குப் பழுது, இயக்கம் நின்றுபோதல் என்று பொருள். கார் நடுவழியில் நின்றாலும் மின்சாரம் போனாலும் பிரெஞ்சுக்காரர் சொல்வது இந்தச் சொல்லைத்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், ‘ஆன் பான்’ என்றால் வண்டி மக்கர் செய்துவிட்டது என்று உடனே புரிந்துகொள்வார்கள். இந்தப் பொருள் மோட்டார் வண்டிக் காலத்தில் வந்தது. அதற்கு முன் இது பாய்மரக் கப்பல்காரர்களின் சொல். ஓடுகிற கப்பலை நங்கூரம் போடாமல் நடுக்கடலில் நிறுத்த வேண்டுமானால் சில பாய்களைக் காற்று முன்னே தள்ளும்படியும் வேறு சில பாய்களைப் பின்னே தள்ளும்படியும் திருப்பி வைப்பார்கள். இரண்டு விசையும் ஒன்றையொன்று தின்றுவிட, கப்பல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மிதக்கும். இதைச் செய்வதற்குப் பிரெஞ்சு மாலுமிகள் இன்றும் ‘மெத்ர் ஆன் பான்’ என்றே சொல்கிறார்கள். வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதைக் குறித்த சொல், காலப்போக்கில் தானாக நின்றுபோவதைக் குறிக்கத் தொடங்கி, அங்கிருந்து இயந்திரப் பழுதுக்கு வந்து சேர்ந்தது.

வானொலி விதிகளில் இந்தச் சொல் இடம்பிடித்தது 1927-ல். அந்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாடு, கப்பலும் விமானமும் ஆபத்தில் எப்படி அழைக்க வேண்டும் என்று வகுத்தது. உயிருக்கே ஆபத்து என்றால் மோர்ஸ் தந்தியில் எஸ்.ஓ.எஸ்., வாய்ப்பேச்சில் மேடே. அதற்கு ஒரு படி கீழே அவசரக் குறி என்று ஒன்றை வைத்தார்கள். விமானத்தில் பழுது ஏற்பட்டு இறங்கியே ஆக வேண்டும், ஆனால் உடனடி உதவி தேவையில்லை என்ற நிலைக்கு விமானங்கள் ‘பான்’ என்று அனுப்ப வேண்டும் என்றார்கள். பழுது என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையே குறியாக்கிவிட்டார்கள். ஆங்கில முதலெழுத்து விளக்கமெல்லாம் பின்னாளில், மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள யாரோ கட்டியது.

அந்த விதியில் ஒரு நுணுக்கமான எச்சரிக்கையும் உண்டு. மோர்ஸ் தந்தியில் ‘ஏ’ என்ற எழுத்துக்குப் புள்ளி, கோடு. ‘என்’ எழுத்துக்குக் கோடு, புள்ளி. இரண்டையும் இடைவெளி விடாமல் ஒட்டித் தட்டினால் புள்ளி, கோடு, கோடு, புள்ளி என்றாகும். அது ‘பி’ என்ற எழுத்து. ‘பி-ஏ-என்’ என்று அனுப்பியது அந்தப் பக்கம் ‘பி-பி’ என்று கேட்கும். ஆகவே மூன்று எழுத்துகளையும் நன்றாகப் பிரித்துத் தட்ட வேண்டும் என்று விதியிலேயே எழுதினார்கள். குறியைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல் அது எங்கே சிதையும் என்பதையும் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

மேடேயின் கதை அதற்குச் சில ஆண்டுகள் முந்தையது. எஸ்.ஓ.எஸ். 1906-ல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டு 1908 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற அந்தத் தாளம் தந்திக்கு அருமையாகப் பொருந்தியது. விமானங்களில் தந்தி போய் வாய்ப்பேச்சு வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. ‘எஸ்’ என்ற ஒலியின் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பேச்சு வானொலி கடத்துவதோ ஏறக்குறைய 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரைதான். சீறும் பகுதி வெட்டுப்பட்டுப் போவதால் ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் காதுக்கு ஒன்றாகிவிடுகின்றன. இந்தச் சிரமத்தாலேயே எஸ்.ஓ.எஸ்.ஸுக்குப் பதில் மேடே வருகிறது என்று 1923-ல் லண்டன் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அப்போது லண்டனின் குரோய்டன் விமான நிலையத்தில் வானொலிப் பொறுப்பில் இருந்த ஃபிரெடரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்டுதான் இந்தச் சொல்லைப் பரிந்துரைத்தவர் என்று சொல்லப்படுகிறது. குரோய்டனுக்கு வந்துபோன விமானங்களில் பெரும்பகுதி பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்தோடு தொடர்புடையவை. இரு கரையிலும் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும் என்பதால் பிரெஞ்சுப் பக்கம் போனார்கள்.

1927 விதிமுறை இதன் மூலத்தைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: மேடே என்பது ‘மெதே’ என்ற பிரெஞ்சுத் தொடரின் உச்சரிப்பு. ‘எனக்கு உதவ’ என்று பொருள். ‘எனக்கு உதவ வாருங்கள்’ என்பதற்கான ‘வெனே மெதே’யின் பின்பாதி. இதைத் தனியே நிறுத்தி ‘எனக்கு உதவுங்கள்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பிரெஞ்சு இலக்கணப்படி அந்தக் கட்டளைக்கு ‘எதே முவா’ என்றுதான் வர வேண்டும். தெருவில் ஆபத்தில் சிக்கிய பிரெஞ்சுக்காரர் யாரும் ‘மேடே’ என்று கத்துவதில்லை, ‘ஓ ஸ்கூர்’ என்பார். அன்றாடப் பேச்சில் வராத சொல் என்பதே இதன் பலம். ‘ஹெல்ப்’ என்ற சொல்லைப் பெட்டி இறக்குவதற்கும் பயன்படுத்துகிறோம். மேடேக்கு வேறு வேலை கிடையாது. மே மாதத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘மே தின அழைப்பு’ என்று எழுதினால் தொழிலாளர் நாளில்தான் போய் முடியும்.

இனி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. விமானப் போக்குவரத்து விதியின் வரையறை இப்படி: கடுமையான அல்லது உடனே நேரக்கூடிய ஆபத்து அச்சுறுத்துகிறது, உடனடி உதவி வேண்டும் என்றால் மேடே. கலத்தின் பாதுகாப்போ அதில் இருப்பவரின் அல்லது கண்ணுக்கெட்டும் இடத்தில் உள்ள இன்னொருவரின் பாதுகாப்போ சம்பந்தப்பட்டது, ஆனால் உடனடி உதவி தேவையில்லை என்றால் பான்-பான். ‘சின்ன ஆபத்து, பெரிய ஆபத்து’ என்று தங்கள் பெட்டியில் பிரித்திருந்தது சரியாகாது. எவ்வளவு பெரிய பழுது என்பதைவிட, உதவி இப்போதே வேண்டுமா, நிலைமை இன்னும் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2010 நவம்பர் 4-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் 32 விமானத்தில் ஓர் இயந்திரம் வெடித்துச் சிதறி இறக்கையைத் துளைத்தது. பழுதோ மிகப் பெரியது. ஆனால் விமானம் பறந்துகொண்டிருந்தது, என்னென்ன வேலை செய்கிறது என்று சரிபார்க்க விமானிகளுக்கு நேரம் வேண்டியிருந்தது. அவர்கள் பான்-பான் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் 469 பேரும் சிங்கப்பூரிலேயே பத்திரமாக இறங்கினார்கள்.

1998 செப்டம்பர் 2 இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன சுவிஸ்ஏர் 111 விமானத்திலும் பான்-பான்தான் முதலில் சொன்னார்கள். விமானி அறையில் புகை. அங்கிருந்து பத்து நிமிடத்தில் நெருக்கடி நிலை அறிவிப்பு, மேலும் ஏழு நிமிடத்தில் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலோரத்தில் விமானம் விழுந்து 229 பேரும் இறந்தனர். புகை கிளம்பியதுமே திரும்பியிருந்தாலும் தீ பரவிய வேகத்தில் ஓடுபாதையை எட்டியிருக்க முடியாது என்றுதான் கனடிய விசாரணை முடிவு சொன்னது. பான்-பான் சொன்ன பிறகு நிலைமை மோசமானால் எந்த நொடியிலும் மேடேக்கு மாறலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். தீயும் புகையும் என்றால் மேடேயில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. அபாயம் நீங்கினால் குறைத்துக்கொள்ளலாம்.

சொல்லாமல் விட்டதன் விலை இன்னும் கசப்பானது. 1990 ஜனவரி 25-ல் கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52 விமானம் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடிக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் ‘முன்னுரிமை வேண்டும்’ என்றார்கள், ‘எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்றார்கள். மேடே என்ற சொல்லையோ நெருக்கடி என்ற சொல்லையோ கடைசிவரை சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் அவர்களை வரிசையிலேயே வைத்திருந்தார்கள். நான்கு இயந்திரங்களும் நின்று விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர். இன்று இதற்கென்றே விதி இருக்கிறது. இன்னும் தாமதம் ஆனால் கையிருப்பைத் தொட வேண்டியிருக்கும் என்றால் ‘மினிமம் ஃபியூயல்’. கட்டாயக் கடைசிக் கையிருப்புக்கும் கீழே போய்த்தான் இறங்க முடியும் என்று தெரிந்துவிட்டால் ‘மேடே, மேடே, மேடே, ஃபியூயல்’. முதலாவது தகவல் மட்டுமே, அதற்கு முன்னுரிமை கிடையாது. இரண்டாவதைக் கேட்டதும் மற்றவர்கள் வழிவிட்டாக வேண்டும்.

2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் நேர்ந்த பெருந்துயரத்துக்குப் பிறகு மேடே நம் முதல் பக்கங்களுக்கு வந்தது. அடுத்த மாதமே டெல்லியிலிருந்து கோவா போன விமானம் ஒன்று ஓர் இயந்திரம் செயலிழந்து மும்பையில் இறங்கியபோது பான்-பானும் வந்தது. இரண்டையும் ‘அவசர அழைப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதால் வாசகர்களுக்குப் படிநிலை புரியாமல் போயிற்று.

ஏன் மூன்று முறை சொல்ல வேண்டும்? இரைச்சலில் ஒன்றாவது காதில் விழட்டும் என்பது ஒரு காரணம். மற்றது, யாரோ மேடே பற்றிப் பேசிக்கொண்டிருப்பதையும் மேடே விடுப்பதையும் பிரித்தறிய. பான்-பானில் இரட்டைச் சொல்லையே மூன்று முறை சொல்கிறோம். எண்ணிப் பார்த்தால் ஆறு ‘பான்’. செய்திகளில் ‘பான், பான், பான்’ என்று மூன்றோடு நிறுத்துவது விதிப்படி பாதிதான்.

விமானத்தைவிடப் படகில்தான் நம் மக்களுக்கு இந்தச் சொற்கள் தேவைப்படும். ஆகவே கடல் நடைமுறையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். படகில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டில் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். செட்டில் 1 வாட், 25 வாட் என்று இரண்டு நிலை இருக்கும், 25-ல் இருக்கிறதா என்று பார்க்கவும். டி.எஸ்.சி. வசதி (பேசாமலே அபாய அறிவிப்பை அனுப்பும் வசதி) உள்ள செட்டானால் சிவப்பு மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் பொத்தானை ஐந்து விநாடி விடாமல் அழுத்தவும். அது 70-ஆம் சேனலில் படகின் வயர்லெஸ்ஸுக்கென்று ஒதுக்கிய ஒன்பது இலக்க அடையாள எண்ணையும், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் இருக்கும் இடத்தையும் தானே அனுப்பிவிடும். பதில் வராவிட்டால் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தானே திரும்ப அனுப்பும். ஜி.பி.எஸ். இணைக்காத செட்டில் இடம் போகாது. நம் படகுகள் பலவற்றில் செட்டும் ஜி.பி.எஸ்.ஸும் அருகருகே இருந்தும் நடுவே அந்த ஒற்றை வயர் இருப்பதில்லை.

பிறகு வாயால் பேச வேண்டும். மைக்கின் பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துத் தொடங்கவும், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி போதும். மேடே மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, அழைப்புக் குறியும் ஒன்பது இலக்க எண்ணும் ஒரு முறை. மறுபடி மேடேயும் படகின் பெயரும் ஒரு முறை. அடுத்து இடம், என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர், வேறு ஏதாவது, கடைசியில் ‘ஓவர்’. எடுத்துக்காட்டாக: ‘மேடே, மேடே, மேடே. கடல்ராணி, கடல்ராணி, கடல்ராணி, (அழைப்புக் குறி, ஒன்பது இலக்க எண்). மேடே கடல்ராணி. வடக்கு 8 டிகிரி 40 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 30 நிமிடம், தூத்துக்குடிக்குக் கிழக்கே ஏறக்குறைய 20 கடல் மைல். இயந்திர அறையில் தண்ணீர் ஏறுகிறது, படகு மூழ்குகிறது. உடனே மீட்க வேண்டும். ஏழு பேர். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறோம். ஓவர்.’ சொல்ல வேண்டியதெல்லாம் இதில் முக்கால் நிமிடத்தில் வந்துவிடுகிறது. எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வது நல்லது. இடத்தை ஆபத்துக்கு முன்னால் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. பேச்சு பாதியில் அறுந்தாலும் எங்கே தேடுவது என்பது போய்ச் சேர்ந்திருக்கும். ஆங்கிலமோ இந்தியோ தெரியாவிட்டால் தமிழிலேயே பேசலாம். மேடே என்ற ஒற்றைச் சொல் எல்லாக் காதுகளையும் திருப்பிவிடும், மீதியை மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார்.

பான்-பானும் இதே வரிசைதான். இயந்திரம் நின்று படகு காற்றில் அடித்துச் செல்லப்படுகிறது, சுக்கானில் வலை சிக்கிவிட்டது, தண்ணீர் கசிகிறது ஆனால் பம்பு சமாளிக்கிறது என்றால் பான்-பான். ‘பான்-பான்’ மூன்று முறை, ‘ஆல் ஸ்டேஷன்ஸ்’ மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு இடமும் விவரமும். பாறையை நோக்கி அடித்துச் செல்லப்படுகிறது என்றால் அதே இயந்திரக் கோளாறு மேடே ஆகிவிடும். கையில் பலத்த வெட்டுக்காயம் பட்டவருக்கு மருத்துவ ஆலோசனை கேட்கவும் பான்-பான் போதும். ஒருவர் கடலில் விழுந்து கண்ணில் படவில்லை என்றால் தயங்காமல் மேடே.

இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. நோயாளி இருக்கிறார் என்பதற்காகப் ‘பான்-பான் மெடிக்கல்’ என்கிறார்கள், செய்திகளிலும் அப்படி வருகிறது. அந்தக் குறி வேறு விஷயத்துக்கானது. 1949-ன் ஜெனீவா உடன்படிக்கைகளின்படி போர்க்காலத்தில் பாதுகாப்புப் பெற்ற மருத்துவக் கப்பலும் மருத்துவ விமானமும் ‘எங்களைத் தாக்காதீர்கள்’ என்று தம்மை அடையாளம் காட்டச் சொல்வது அது. இதையும் பிரெஞ்சு உச்சரிப்பில் ‘மெதிகால்’ என்றே சொல்ல வேண்டும் என்று சர்வதேச விதி கேட்கிறது.

மேடே ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் பேசினால் மீட்புப் பணியை நடத்தும் நிலையம் ‘சீலோன்ஸ் மேடே’ என்று அதட்டும். எல்லாம் முடிந்ததும் ‘சீலோன்ஸ் ஃபீனீ’ என்று அறிவிக்கும். கேட்கப் புரியாத சொற்கள் போலிருந்தாலும் அவை ‘மௌனம்’, ‘மௌனம் முடிந்தது’ என்பதற்கான பிரெஞ்சுதான். இலங்கைக்கும் அந்தச் ‘சீலோன்’ ஒலிக்கும் தொடர்பில்லை. மூன்றாவது படியாகச் ‘செக்யூரித்தே’ என்று ஒன்று உண்டு. மிதக்கும் மரம், அணைந்துபோன கலங்கரை விளக்கு, வரவிருக்கும் புயல்காற்று போன்ற எச்சரிக்கைக்கு முன்னால் அதை மும்முறை சொல்வார்கள். அது வந்தால் உதவி கேட்கிறார்கள் என்று பொருளல்ல, நமக்குத்தான் எச்சரிக்கை சொல்கிறார்கள்.

எங்கே கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது பேட்டரி. 25 வாட்டில் பேசும்போது செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது அரை ஆம்பியர் அளவுதான். பலவீனமான பேட்டரியில் கேட்பதெல்லாம் தெளிவாக இருக்கும், பொத்தானை அழுத்தியதும் செட் அணைந்துவிடும். ‘செட் நன்றாகத்தானே இருந்தது’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இயந்திர அறையில் தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவதும் பெரும்பாலும் பேட்டரிதான். அதனால் தண்ணீரை இறைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அழைப்போம் என்று இருக்கக் கூடாது. இறைக்கத் தொடங்கும்போதே பான்-பான் சொல்லிவிட வேண்டும். பான்-பான் என்ற படியே அதற்காகத்தான் இருக்கிறது.

இரண்டாவது ஆண்டெனா. வி.எச்.எஃப். நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டாது. எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்கிட எளிய வழி உண்டு: இரு ஆண்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 2.2-ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம் வரும். படகின் ஆண்டெனா 4 மீட்டர், கரையில் உள்ளது 64 மீட்டர் என்றால் 2-ம் 8-ம் சேர்ந்து 10. பெருக்கினால் 22 கடல் மைல், ஏறக்குறைய 41 கிலோமீட்டர். 4 மீட்டர் ஆண்டெனா உள்ள இரண்டு படகுகளுக்கிடையே 9 கடல் மைலுக்கும் சற்றுக் குறைவுதான். ஆண்டெனா கம்பியின் இணைப்பில் உப்பு பூத்துப் பச்சை பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகும். கரைக்கு எட்டாத மேடேயைப் பக்கத்துப் படகு கேட்டால் அது சும்மா இருக்கக் கூடாது. கரையிலிருந்து பதில் வராவிட்டால் ‘மேடே ரிலே’ என்று மும்முறை சொல்லி, தன் படகின் பெயரையும் ஆபத்தில் உள்ள படகின் விவரத்தையும் கடத்த வேண்டும். அதற்கும் அப்பால் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வயர்லெஸ்ஸை மட்டும் நம்பக் கூடாது. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்கும் அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் செய்தி சேர்க்கும். இரண்டாம் தலைமுறைக் கருவியில் செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும். கைபேசி சிக்னல் இருக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண் இருக்கிறது.

மூன்றாவது, ஒருவர் மேல் ஒருவர் பேசுவது. கடல் வயர்லெஸ் எஃப்.எம். முறையில் இயங்குவது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான அலை மட்டும் கேட்கும், பலவீனமானது அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். விமான வயர்லெஸ் ஏ.எம். முறை, அங்கே இரண்டும் மோதிக் கிறீச்சிடும். 2009 ஜனவரி 15-ல் பறவைகள் மோதி இரு இயந்திரமும் நின்று ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் தலைமை விமானி மும்முறை மேடே சொன்னார். அதே நொடியில் கட்டுப்பாட்டாளரும் பேசிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்டதெல்லாம் அதற்கு அடுத்த வாக்கியம்தான். பேசி முடித்ததும் பொத்தானை விட்டுக் காது கொடுக்க வேண்டும் என்பதும், பதில் வராவிட்டால் முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பதும் அதனால்தான். மைக்கை இடுக்கில் செருகி வைத்து அதன் பொத்தான் அழுந்தியபடி கிடந்தால் சுற்றுவட்டாரத்தில் 16-ஆம் சேனல் முழுவதும் செத்துப்போகும். அந்தப் படகுக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

தவறுதலாகச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் பயந்து செட்டை அணைத்துவிட்டு அப்படியே இருந்துவிடாதீர்கள். தேடுவதற்குக் கப்பலும் விமானமும் கிளம்பிவிடும், வேறொருவருக்குப் போக வேண்டிய உதவி வீணாகும். 16-ஆம் சேனலில் ‘ஆல் ஸ்டேஷன்ஸ்’ மும்முறை, படகின் பெயர் மும்முறை, ஒன்பது இலக்க எண், இத்தனை மணிக்குப் போன என் அபாய அறிவிப்பை ரத்து செய்யவும் என்று சொல்லி ‘அவுட்’ என்று முடிக்க வேண்டும். ‘ஓவர்’ என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன், ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது. சினிமாவில் வருவதுபோல் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றொன்றை மறுக்கும்.

விமானத் துறையில் பிரெஞ்சு இத்தோடு நின்றுவிடவில்லை. சென்னை உட்பட எல்லா விமான நிலையங்களும் வெளியிடும் வானிலைக் குறிப்பில் ‘பி.ஆர்.’ என்றால் மூடுபனியைவிட மெல்லிய பனிப்புகை, பிரெஞ்சில் ‘ப்ரூம்’. பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் ஆங்கிலக் குறியான ‘எஃப்.ஜி.’ வரும். ஆலங்கட்டிக்கு ‘ஜி.ஆர்.’, அது ‘க்ரெல்’. போகியன்று விடியற்காலையில் மீனம்பாக்கம் ஓடுபாதையை மறைக்கும் புகைக்கு உரிய குறி ‘எஃப்.யூ.’, அது ‘ஃப்யூமே’. வானிலைச் செய்தி எழுதுகிறவர்கள் ‘பி.ஆர்.’ குறியை ஆங்கிலச் சுருக்கம் என்று நினைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது.

எழுத்து முறை பற்றி ஒரு வேண்டுகோள். ‘மேடே’ என்று ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல் அச்சிடுங்கள். ‘மே டே’ என்று பிரித்தால் மறுபடி மே மாதத்துக்கே வந்துவிடுவோம். ‘பான்-பான்’ என்பதை நடுக்கோட்டோடு இரட்டையாகவே போடுங்கள், ஒற்றையாகப் போட்டால் வருமானவரி அட்டை என்று தோன்றும். முதல் முறை வரும்போது பக்கத்தில் ‘அவசர நிலை அறிவிப்பு’ என்று பான்-பானுக்கும், ‘உயிராபத்து அறிவிப்பு’ என்று மேடேக்கும் சேர்த்துவிட்டால் படிநிலையும் தெரிந்துவிடும். சொற்களை மட்டும் தமிழாக்க வேண்டாம். 16-ஆம் சேனலில் சொல்ல வேண்டியது அந்த ஒலிதான்.

இங்ஙனம்,
கடல்சார் வானொலிப் பயிற்சியாளர் ஒருவர்,
தூத்துக்குடி.